டேப் எடுத்தாச்சு

ஒரகடம் தொழிற்சாலையில் பூமாரியை யாரும் பூமாரி என்று கூப்பிடுவதில்லை. லைனில் நிற்கும் பிள்ளைகளுக்கு அவள் டேப்பக்கா. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவருக்கும் டேப்பக்காதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் யூனிஃபார்முக்கு அளவெடுக்கிற அம்மா போல என்று நினைத்துக்கொண்டு, சட்டை லூசாக இருக்கிறது என்று அவளிடம் வந்து நிற்பதுண்டு. அவள் ஸ்டோருக்குப் போகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். விளக்கப் புகுந்தால் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

நமக்கு அவசரமில்லை, விளக்கிவிடலாம். அது காருக்கு சீட் செய்கிற கம்பெனி. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். எந்தக் கார், எந்த நிறம், எந்த ஷிஃப்டில் தைத்தது என்று அதில் கோடு கோடாக அச்சாகியிருக்கும். ஸ்டிக்கர் இல்லாத சீட்டைக் கார் கம்பெனிக்காரன் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டான். அந்த ஸ்டிக்கரை அடிக்கச் சொல்லிக் கட்டளை கொடுப்பது மாடியில் ஏசி அறையில் இருக்கிற ஒரு பழைய சர்வர். லேபிள் சர்வர் என்று பெயர். அதற்கு புரோகிராம் எழுதிக் கொடுத்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டு, எழுதிய ஆட்கள் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள். சர்வர் படுத்துவிட்டால் புதிதாக நிறுவ இந்த உலகத்தில் ஆளில்லை. அத்தனை பெரிய தொழிற்சாலையின் குடுமியும் அந்த ஒரு பெட்டியின் கையில் இருந்தது.

ஆகையால்தான் டேப். சனிக்கிழமை மதியம் முதல் ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்குகிற இடைவேளையில் பூமாரி சர்வரை அணைப்பாள். ஒரு சிடியைப் போட்டுக் கிளப்பி, சர்வரை அப்படியே முழுதாக டேப்பில் பிரதி எடுப்பாள். இமேஜ் என்பார்கள். வீட்டிலிருக்கும் பண்டபாத்திரத்தை மட்டுமல்ல, வீட்டையே, ஆணியில் தொங்கும் காலண்டரோடு பெயர்த்து எடுத்துவைத்துக்கொள்வது மாதிரி. டேப் என்பது பழைய பாட்டுக் கேசட்டைவிடக் கொஞ்சம் சதுரமாக, கையில் வைத்தால் கனமாக இருக்கும். எழுதி முடித்ததும் அதை வெளியே எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வயரில் மாட்டிக்கிடக்கிற எதையும் வைரஸ் தின்றுவிடும், பூட்டிய பீரோவுக்குள் அதனால் வரமுடியாது என்பது தலைமை அலுவலகத்தின் சித்தாந்தம். இந்தக் காலத்தில் டேப்பா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

டேப் மொத்தம் நாலு. வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும். நாலாவது முடிந்ததும் மறுபடி முதல் டேப். பழையது அழிந்து அதன் மேல் புதியது ஏறும்.

எல்லாம் முடிகிற நேரம் பார்த்து ஸ்ரீதர் போன் செய்வார். அவர் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர், நங்கநல்லூரிலிருந்து கம்பெனி காரில் வருகிறவர். சனிக்கிழமை மட்டும் மதியமே கிளம்பிவிடுவார். கார் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டும்போது போன் வரும்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார்."

அவ்வளவுதான் பேச்சு. வணக்கம் சொல்வது போல, சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இல்லை சார், எடுக்கவில்லை என்று அவள் ஒரு சனிக்கிழமைகூடச் சொன்னதில்லை, சொல்ல வேண்டி வந்ததுமில்லை.

பூமாரிக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு பஸ் நிறையப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அதில் அவளும் வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல். ஒரு கட்டிலில் பகல் ஷிஃப்ட்காரி எழுந்தால் இரவு ஷிஃப்ட்காரி படுப்பாள், மெத்தைக்குச் சூடு ஆற நேரமிருக்காது. போனுக்குள் திருகாணி முடுக்கியபடி சில வருஷம் ஓடியது. ஒருநாள் கம்பெனியை மூடுகிறோம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கூட வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு ஊருக்கு பஸ் ஏறினார்கள். பூமாரி ஏறவில்லை. ஊருக்குப் போனால் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். போனுக்குள் திருகாணி போட்டோமே, அந்தப் போன் எப்படி வேலை செய்கிறது என்று ஒருத்தரும் சொல்லித்தரவில்லையே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே போய் ஹார்டுவேர் படித்தாள்.

சீட் கம்பெனியில் அவளை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் அந்தப் படிப்பு அல்ல. சனிக்கிழமை என்றால் மற்றவர்கள் எல்லாம் ஊருக்கு ஓடுகிறவர்கள். பூமாரிக்கு ஓட ஊர் தூரம். "சனிக்கிழமை இருப்பியாம்மா?" என்று ஸ்ரீதர் கேட்டார். "இருப்பேன் சார்" என்றாள். இன்டர்வியூ முடிந்தது.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். டிரைவ் சுற்றும் சத்தம், பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிவது, கடைசியில் டேப் தானாகக் கொஞ்சம் வெளியே தலைநீட்டுவது. பொங்கலுக்கும் போனதில்லை, தம்பி கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை போய் சனிக்கிழமை விடிவதற்குள் திரும்பி வந்தவள். மாரிசெல்வம் அவளைப் பெண் கேட்டுவந்த கதையும் அந்தச் சனிக்கிழமைகளோடு ஒட்டியதுதான். அவன் டயர் கம்பெனியில் வேலை செய்பவன், கோவில்பட்டிக்காரன். ஷேர் ஆட்டோவில் பழக்கம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் காத்துக் கிடந்து, அவள் வந்ததும் முதலில் கேட்பது, "எடுத்தாச்சா?" இல்லையென்றால் அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அப்படியே கல்யாணமும் ஆயிற்று.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஊரிலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பங்குனி மாதக் கடைசியில் லீவு போட்டாள். அவள் இல்லாத ஆறு மாதத்துக்கு டேப்பை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது, சசிகலா பெயர் வந்தது.

சசிகலா பிள்ளைப்பாக்கத்துப் பெண். லேபிள் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டிக்கர் கிழித்துக் கொடுக்கிற வேலை, கான்ட்ராக்டில். கை சுத்தம், வேலையும் சுத்தம். சொன்னதைச் சொன்னபடி செய்வாள்; கூட ஒன்றும் செய்யமாட்டாள், குறைத்தும் செய்யமாட்டாள். அவளைப் பூமாரியே கேட்டு வாங்கினாள்.

லீவுக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை சசிகலாவைக் கூட உட்காரவைத்துச் சொல்லித்தருவதாக ஏற்பாடு. ஆனால் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் ஊருக்குச் சாயங்காலப் பஸ். மாரிசெல்வம் பெட்டியும் பையுமாகக் கேட்டிலேயே வந்து நின்றுவிட்டான். பூமாரி மதியத்துக்கு முன்பே லைன் சூப்பர்வைசரிடம் கெஞ்சி சர்வரை அணைத்து, இமேஜை முடித்துவிட்டாள். சசிகலா ஷிஃப்ட் முடிந்து மேலே வரும்போது சர்வர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. டேப் மட்டும் தலைநீட்டிக்கொண்டிருந்தது.

"இங்க பாரு பிள்ள," என்றாள் பூமாரி, ஒரு கை இடுப்பில், ஒரு கை டேப்பில். "சனிக்கிழமையானா மறக்காம டேப்ப எடுத்துரணும். எடுத்து பீரோல வச்சிப் பூட்டிட்டு, அடுத்தத உள்ள போட்டுரு. நாலும் மாறி மாறி வரணும். ஸ்ரீதர் சார் போன் பண்ணிக் கேப்பாரு. எடுத்தாச்சுன்னு சொல்லிரு."

"அவ்ளோதானாக்கா?"

"அவ்வளவுதான். நடுவுல என்னமும் கேட்டா எனக்குப் போனப் போடு."

நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. சசிகலாவுக்குக் கேட்பதற்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பூமாரிதான் முதல் இரண்டு மூன்று வாரம் ஊரிலிருந்து போன் செய்தாள். "எடுத்தியா பிள்ள?" "எடுத்தேன்கா." பிறகு மகள் பிறந்தாள். டேப் ஞாபகம் கொஞ்சம் பின்னுக்குப் போனது.

இதற்கிடையில் தொழிற்சாலையில் ஓர் ஆச்சரியம் நடந்தது. சனிக்கிழமை மதியங்களில் ஸ்டிக்கர் பிரிண்டர் நிற்பது நின்றுபோனது. பூமாரி காலத்தில் அந்த இடைவேளை கொஞ்சம் நீண்டுவிட்டால் லைனில் முணுமுணுப்பார்கள். சசிகலா வந்த பிறகு நிற்பதே இல்லை. லைன் சூப்பர்வைசர் கேன்டீனில் வைத்து ஸ்ரீதரிடம், "சார், அந்தப் பொண்ணு சூப்பரு. மெஷின நிறுத்தாமயே டேப் எடுக்குது" என்று பாராட்டினார். ஸ்ரீதருக்கு அது எப்படி முடியும் என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது தோசையோடு உள்ளே போய்விட்டது.

புரட்டாசியில் பூமாரி திரும்பி வந்தாள். மாரிசெல்வம் இரவு ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். பகலில் பிள்ளை அவனிடம், அவன் தூங்குவது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமைக்காக அவள் காத்திருந்தது உண்மை. வியாழக்கிழமை காலை, சனிக்கிழமை வருவதற்குள், லேபிள் சர்வர் சிவந்தது.

திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் இங்கிலீஷில், உன் ஃபைல்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன், சாவி வேண்டுமென்றால் என்னிடம் வா என்ற பொருளில் நாலு வரி. கீழே பிரிண்டர் நின்றது. அது நின்ற கொஞ்ச நேரத்தில் ஸ்டிக்கர் இல்லாத சீட்கள் லைன் ஓரத்தில் அடுக்கப்பட்டன, பிறகு அடுக்க இடமில்லாமல் நடைபாதைக்கு வந்தன. லாரிகள் வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. டிரைவர்கள் லுங்கிக்கு மாறிவிட்டார்கள். அதைவிடக் கெட்ட சகுனம் ஒரு தொழிற்சாலைக்கு இல்லை.

ஸ்ரீதர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். சென்னையிலிருந்து வைரஸ் பார்க்கிற இன்ஜினீயர் ஒருவரை வரவழைத்தார். பூட்டியதைத் திறக்க முடியாது, வேறு டிஸ்க் மாட்டி டேப்பிலிருந்து போடுங்கள் என்று இன்ஜினீயர் சொன்னார். எடுப்பதற்கு எதிர்ப்பதம் போடுவது. இத்தனை வருஷம் எடுத்தே பழகியவளுக்குப் போட வேண்டிய நாள் வந்துவிட்டது. எல்லாரும் பூமாரியைப் பார்த்தார்கள். பூமாரி பீரோவைத் திறந்தாள்.

டிரைவுக்குள் இருந்ததையும் எடுத்துச் சேர்த்தாள், நாலு டேப்பும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வாரத்துக்கு வாரம் தேதி அச்சடித்த ஸ்டிக்கர். லேபிள் சர்வரிலேயே அடித்து ஒட்டியிருந்தாள் சசிகலா. கோணல் இல்லை, சுருக்கம் இல்லை. பூமாரிக்குப் பெருமையாக இருந்தது. போன சனிக்கிழமைத் தேதி போட்ட டேப்பை எடுத்து டிரைவில் தள்ளினாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் இமேஜ் எடுத்த தேதி வந்தது.

பங்குனி மாதம்.

டேப் மாறிவிட்டது போல என்று அடுத்ததைப் போட்டாள். அதுவும் பங்குனி. மூன்றாவதும் பங்குனி. நாலாவது அவள் கிளாம்பாக்கத்துக்குப் போன அதே சனிக்கிழமை. நாலும் அவள் கையால் எடுத்தவை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 

"சசிகலாவக் கூப்பிடுங்க" என்றாள்.

சசிகலா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏ பிள்ள, நீ டேப் எடுக்கவே இல்லியா?"

"எடுத்தேனேக்கா. ஒரு வாரம் கூட வுடல."

"எடுத்தா இதுல எங்கட்டி? பங்குனிக்கு அங்கிட்டு ஒண்ணையும் காணோமே!"

"இன்னாக்கா சொல்ற? சனிக்கெழம ஆனா டேப்ப வெளிய எடுத்தேன், பீரோல வச்சிப் பூட்னேன், அடுத்தத உள்ள போட்டேன். நீ சொன்ன மாரிதானே?"

"வெளிய எடுக்கதுக்கு முன்னால?"

"முன்னால இன்னா கீது?"

 பூமாரி அந்தச் சனிக்கிழமையைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். எடுத்துரணும் என்று சொன்ன வாய் தன்னுடையதுதான். இந்த அறைக்குள் பழகியவர்களுக்கு டேப் எடுப்பது என்றால் சர்வரை அணைத்து, சிடி போட்டு, இமேஜை எழுதிவைப்பது. அறைக்கு வெளியே உள்ள தமிழர்கள் அத்தனை பேருக்கும் டேப் எடுப்பது என்றால் டேப்பை எடுப்பது. சசிகலா மேல் கோபப்பட அவள் முயற்சி செய்தாள். வரவில்லை. கோபம் தன்மேல்தான் வந்தது, அதுவும் வெட்கத்தோடு சேர்ந்து வந்தது.

ஸ்ரீதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா பேக்கப்பே இல்ல. ஒவ்வொரு வாரமும் கேட்டேனே... எடுத்தாச்சுன்னு சொன்னியேம்மா!"

"எடுத்தேன் சார்" என்றாள் சசிகலா, கண் கலங்கி.

"தலைமை ஆபீஸ்ல கேப்பாங்க. யாரோ ஒருத்தர் தலை உருளப் போவுது" என்றார் ஸ்ரீதர். யாரோ என்று சொன்னாலும் உருளுவதற்கு வசதியாக இருந்தது ஒரே ஒரு தலைதான். சசிகலாவின் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காமல் விட்டால் போதும், யாரும் யாரையும் நீக்கியதாகவே ஆகாது.

இதற்குள் பூட்டப்பட்ட டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டிக் குடைந்துகொண்டிருந்த இன்ஜினீயர் தலைநிமிர்ந்தார். "சார், இது இன்னைக்கு வந்தது இல்ல. ஆடி மாசமே பென்டிரைவ்ல வந்து உள்ள உக்காந்திருக்கு. தேதி பார்த்துக் கிளம்பற மாதிரி வச்சிருக்கான். உங்ககிட்ட போன வாரம், அதுக்கு முந்தின வாரம் இமேஜ் இருந்தா அதைப் போட்ராதீங்க. அதுலயும் இருக்கும். போட்ட அடுத்த நிமிஷம் திரும்பப் பூட்டும். ஆடிக்கு முன்னாடி எடுத்தது ஏதாவது இருக்கா?"

எல்லார் கண்ணும் பங்குனி டேப்புகள் மேல் போனது. 

ஆடியில் பிரிண்டர் பழுது பார்க்க வந்த ஒருவர் பென்டிரைவ் செருகியது ஸ்ரீதருக்கு நினைவுக்கு வந்தது. பூமாரிக்கு வேறொன்று விளங்கியது. அவள் லீவில் போகாமல் இருந்திருந்தால் ஆடியிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறாமல், சர்வரை அணைத்து, சிடி போட்டு, வைரஸையும் சேர்த்து அச்சு அசலாக டேப்பில் எழுதியிருப்பாள். ஒரே மாதத்தில் நாலு டேப்பும் அழிந்து நாலிலும் விஷம் ஏறியிருக்கும். தம்பி கல்யாணத்தில்கூட நிற்காமல் ஓடிவந்து எடுத்தாளே, அதே ஒழுங்கோடு நல்லதை எல்லாம் தன் கையாலேயே அழித்திருப்பாள். இத்தனை வருஷம் எதை நினைத்து நிமிர்ந்து நடந்தாளோ அது அவள் காலடியில் லேசாக ஆடியது.  கடைசிப் பங்குனி டேப்பை டிரைவில் தள்ளினாள்.

டிரைவ் சுற்றத் தொடங்கியது. டேப்புக்கு அவசரம் கிடையாது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஓடித்தான் தீரும். யாரோ டீ வாங்கி வந்தார்கள், ஆறிப்போனது. இத்தனை வருஷத்தில் ஒரு டேப்பைக்கூடத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எடுத்தாச்சு எடுத்தாச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தாளே தவிர, எடுத்தது உள்ளே இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் பார்த்ததில்லை. மகள் பிறந்த அன்றைக்குக்கூட அவள் இப்படிப் பயப்படவில்லை. சசிகலா பக்கத்தில் நின்று துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சர்வர் எழுந்தது. திரையில் பழைய நீலப் பின்னணி, ஓரத்தில் அதே குட்டிப் படங்கள், பங்குனியில் விட்ட இடத்திலேயே. பூமாரிக்கு அழுகை வந்தது. அதை ஏசிக் காற்றின் மேல் பழிபோட்டாள்.

இன்ஜினீயர் வயரையெல்லாம் சரிபார்த்து, சரி, இணைக்கலாம் என்றார். பங்குனிக்குப் பிறகு வந்த புது மாடல் காரின் லேபிள் மட்டும் அதில் இல்லை. பிரிண்டர் மேஜையில் ஒட்டியிருந்த மாதிரி ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து சசிகலா அதைத் தட்டி ஏற்றினாள். கீழே பிரிண்டர் கிறீச்சிட்டது. லாரி டிரைவர்கள் பேன்ட்டுக்கு மாறினார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது மாரிசெல்வம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். "அப்பம் கம்பெனியக் காப்பாத்துனது எம் மவதாம்ங்கியா? அவ பெறக்காம இருந்தா நீ எடுத்துத் தொலச்சிருப்பியே" என்றான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, சசிகலாவை நினைத்துச் சாப்பாடு இறங்காமல் எழுந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை விசாரணை என்று தகவல் வந்தது. ஆறு மாதப் பழைய இமேஜ் போட்டது தலைமை அலுவலகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. இடையில் டேப் எடுக்கப்பட்டதா இல்லையா என்று அவர்கள் மெயில் மேல் மெயில் அனுப்பி, அதைக் கேட்டுச் சொல்லும் வேலையை எச்.ஆர். மேனேஜர் கன்னியப்பன் தலையில் கட்டியிருந்தார்கள்.

அதற்கு முன் கேன்டீனில் சசிகலா பூமாரியைப் பிடித்துக்கொண்டாள். "என்னத் தொரத்திடுவாங்களாக்கா? இந்த பில்டிங்கு நிக்கற எடத்துல எங்கப்பா வேர்க்கடல போட்டாரு. அதுக்குத்தான் வூட்ல ஒருத்தருக்கு வேலன்னு குடுத்தாங்க. இப்ப அதுவும் பூடுச்சின்னா எங்கப்பா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

"ஒண்ணும் ஆவாது. நான் சொல்லுதேன்" என்றாள் பூமாரி. என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியும். நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், என் பேரை எழுதிக்கொள்ளுங்கள். அதை இரண்டு நாளாக மனதுக்குள் உருட்டி வைத்திருந்தாள். அதைச் சொன்னால் அவள் வேலையும் ஆடும். ஆடட்டும் என்று நினைத்துத்தான் படியேறினாள். வீட்டு வாடகை ஞாபகம் வந்தபோது மட்டும் ஒரு படியில் நின்றாள்.

கன்னியப்பன் பக்கத்து ஊர்க்காரர், கேட்டில் செக்யூரிட்டிகளை மேய்ப்பதில் ஆரம்பித்து மேலே வந்தவர். கம்ப்யூட்டர் அவருக்கு வெற்றிலைப் பெட்டி மாதிரி. திறந்தால் தேவையானது இருக்க வேண்டும், அவ்வளவே. ஸ்ரீதர், பூமாரி, சசிகலா மூன்று பேரையும் எதிரில் நிற்கவைத்தார். மெயிலை ஒருமுறை படித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, சசிகலா பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, இவங்க இல்லாத ஆறு மாசமும், வாராவாரம் டேப் எடுத்தியா இல்லியா? நெஞ்சுல கைய வச்சிச் சொல்லு."

சசிகலா நிஜமாகவே நெஞ்சில் கை வைத்தாள். "எடுத்தேன் சார். ஒரு வாரம் கூட வுடல."

அதில் சூதுவாது எதுவும் இல்லை. அவளுக்கு இப்போதும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் மனதில் பட்டது. கன்னியப்பன் பூமாரியைப் பார்த்தார். "நீ தான சொல்லிக் குடுத்தது? நீ வந்து பாத்தப்ப, அந்தப் பொண்ணு எடுத்திருந்துச்சா?"

பூமாரி வாய்வரை கொண்டுவந்திருந்த வாக்கியம் அப்படியே நின்றது. இந்த அறையில் யாரும் கேட்காத ஒன்றை அவள் எதற்காகச் சொல்ல வேண்டும்? தினம் வாயில் புழங்கிய சொல்லை இரண்டு அர்த்தமும் தெரிந்தே சொல்வது அவளுக்கு இதுவே முதல்முறை.

"எடுத்திருந்தா சார். நான் சொன்ன மாதிரியே எடுத்திருந்தா."

கன்னியப்பன் ஸ்ரீதரைப் பார்த்தார்.  பூமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரம் தவறாமல் போனில் கேட்டதும், பதிலைக் கேட்டுத் திருப்தியாக ஏரிக்கரையைத் தாண்டியதும் ஸ்ரீதர்தானே.

"எடுத்தாங்க சார்" என்றார் ஸ்ரீதர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எனக்கு வாராவாரம் ரிப்போர்ட் பண்ணாங்க."

"அப்புறம் இன்னாத்துக்குய்யா மெயில் மேல மெயில்? டேப் எடுத்துகினு தான கீறாங்க!" கன்னியப்பன் ஒற்றை விரலால் இங்கிலீஷில் தட்டினார்: டேப் டேக்கன் எவ்ரி சாட்டர்டே. தட்டி அனுப்பிவிட்டு, "போங்க, போய் வேலையப் பாருங்க" என்றார்.

மூன்று பேரும் வராந்தாவில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பூமாரி பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்ன நிம்மதியும் வந்து சேரவில்லை. மாடிப்படி திருப்பத்தில் ஸ்ரீதர் மட்டும் நின்று, "அவளுக்கு ஒழுங்கா முதல்லேர்ந்து சொல்லிக் குடும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் இடைவேளையில் பூமாரி சசிகலாவை நாற்காலியில் உட்காரவைத்து, தான் கைகட்டி நின்றுகொண்டாள். சர்வரை அணைத்தது சசிகலா. சிடி போட்டது, இமேஜ் எழுதியது, பொறுமையாகக் காத்திருந்தது எல்லாம் சசிகலா. கீழே லைனில் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். பங்குனி டேப்பில் ஒன்றை இனி சுற்றில் சேர்க்காமல் தனியாக வைக்கிறோம் என்று பூமாரி பீரோவின் மேல்தட்டில் ஒதுக்கினாள். மாதம் ஒருமுறை ஒரு டேப்பைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். சசிகலா ஒவ்வொன்றுக்கும், "எடுக்கறதுன்னா எந்த எடுக்கறதுக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள்.

டேப் தலைநீட்டிய நேரம் போன் அடித்தது. கார் ஏரிக்கரைக்கு வந்திருக்க வேண்டும்.

"எடுத்தாச்சா?"

இத்தனை வருஷமாக யோசிக்காமல் வந்த பதில் நுனிநாக்குக்கு வந்தது. பூமாரி அதை நிறுத்திவைத்தாள்.

"எந்த எடுத்தாச்சானு கேக்கீங்க சார்?"



"ரெண்டும்" என்றார் ஸ்ரீதர்.